பேசு பாட்டி, பேசு!

"பர்லா, நொன்னா, பர்லா!"

இது என்ன பாஷை என்று திகைக்கிறீர்களா? பொன்னேரியில் ஒரு பாட்டியம்மாள் இப்படித்தான் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு இத்தாலி தேசத்தில், தூரின் நகரத்தில் உத்தியோகம். மருமகள் அந்த ஊர்ப் பெண். ஐந்து வயதுப் பேத்திக்கு அம்மாவின் பாஷைதான் நாவில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, பாட்டி கைப்பேசியின் எதிரில் வந்து உட்காருவாள். குளிர்காலமானால் அப்போது அங்கே பிற்பகல் மூன்றரை மணி.

திரையில் பேத்தி தோன்றுவாள். "சாப்பிட்டாயா, கண்ணு?" என்பாள் பாட்டி. குழந்தை விழிக்கும். பிறகு இரண்டு கைகளையும் ஆட்டி, "பர்லா, நொன்னா, பர்லா!" என்று மூன்று தடவை சொல்லும். பாட்டி சிரிப்பாள், வேறு என்ன செய்வாள்? குழந்தை பொம்மையைத் தேடிக்கொண்டு ஓடிவிடும். காலியான திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டி விளக்கை அணைப்பாள்.

குழந்தை என்ன கேட்டது தெரியுமா? 'பேசு, பாட்டி, பேசு!' என்றுதான்.

உங்கள் வீட்டிலும் மகனோ மகளோ கடல் கடந்து போயிருக்கலாம். "இந்த வயதில் எனக்கு இன்னொரு பாஷையா? நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடக்கும், அம்மா! பாஷை முழுவதையும் கற்க வேண்டாம். ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ஆயிரம் வினைச்சொற்கள் தாமாக வரும்.

ஆறு அறைப் பெட்டி

'பர்லாரே' என்றால் பேசுதல். இத்தாலிய வினைச்சொற்கள் எல்லாம் மூன்று குடும்பங்கள். 'ஆரே' என்று முடிவது ஒன்று, 'ஏரே' என்று முடிவது ஒன்று, 'ஈரே' என்று முடிவது ஒன்று. இவற்றில் பெரிய குடும்பம் 'ஆரே' குடும்பம். நம் 'பர்லாரே' அந்தக் குடும்பத்தின் சொன்னபடி கேட்கும் பெண்.

பள்ளிக்கூடத்தில் பகுதி, இடைநிலை, விகுதி என்று உருப்போட்டது நினைவிருக்கிறதா? அதுவே இங்கேயும் கைகொடுக்கிறது. 'பர்ல்' என்பது பகுதி. அதோடு விகுதியைச் சேருங்கள்:

பர்லோ – பேசுகிறேன்
பர்லி – பேசுகிறாய்
பர்லா – பேசுகிறான், பேசுகிறாள்
பர்லியாமோ – பேசுகிறோம்
பர்லாத்தே – பேசுகிறீர்கள்
பர்லனோ – பேசுகிறார்கள்

நம் அஞ்சறைப் பெட்டியில் ஓர் அறை கூடுதலாக இருந்தால் எப்படியோ, அப்படி. இங்கிலீஷ்காரருக்கு 'ஸ்பீக்' என்ற சொல் அநேகமாக எல்லாருக்கும் பொது. அதனால் 'நான்', 'நீ', 'நாங்கள்' என்று முன்னால் சொல்லியே தீரவேண்டும். தமிழில் 'பேசுகிறேன்' என்றால் போதும். நான்தான் என்பது வாலிலேயே தெரிகிறது. இத்தாலியர்களுக்கும் 'பர்லோ' போதும். ஆகவே, சகோதரிகளே, இந்த விஷயத்தில் இங்கிலீஷை விட இத்தாலியமே நமக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி.

ஒரு ஜாக்கிரதை. முதல் அசையை அழுத்தி 'பர்லோ' என்றால் 'நான் பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவன் பேசினான்' என்று ஆகிவிடும். குரலைப் போடும் இடத்திலே ஆளும் மாறிவிடுகிறது, காலமும் மாறிவிடுகிறது!

மீசைக்காரரும் 'அவள்'தான்

தமிழில் 'பேசினான்', 'பேசினாள்' என்று ஆணும் பெண்ணும் வினையிலேயே தெரிந்துவிடும். 'பர்லா'வில் அது தெரியாது. ஆனால் நம்மிடம் இல்லாத விசித்திரம் ஒன்று அவர்களிடம் உண்டு. 'வந்துவிட்டேன்' என்று சொல்லும்போது நாம் ஆணா பெண்ணா என்பதை யாரும் கேட்பதில்லை. இத்தாலியப் பெண் 'ஸோனோ அர்ரிவாத்தா' என்பாள். அவள் கணவர் 'ஸோனோ அர்ரிவாத்தோ' என்பார். பாட்டி வாய் தவறி 'ஓ' போட்டால் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டுமே! ஓடிப்போகாமல் நிற்கிறதல்லவா?

மரியாதையிலும் வேடிக்கை உண்டு. நாம் பெரியவர்களை 'நீங்கள்' என்கிறோம். அவர்கள் 'லேயி' என்கிறார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'அவள்'. மீசை முறுக்கிய போலீஸ் அதிகாரியானாலும் மரியாதையாகக் கேட்கும்போது அவர் 'அவள்'தான். பேத்தியிடம் இந்தச் சங்கடம் இல்லை; அவளுக்கு 'நீ'யே போதும்.

பாட்டி கதைக்கு ஒரு காலம்

நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஓ பர்லாத்தோ' என்பார்கள்: 'பேசினேன்', 'பேசியிருக்கிறேன்'. இனி நடக்கப் போவதற்கு 'பர்லெரோ', கடைசி அசையில் அழுத்தம்: 'பேசுவேன்'.

ஆனால் பாட்டிமார்களுக்கென்றே ஏற்பட்டது போல ஒரு காலம் இருக்கிறது. 'பர்லாவோ' என்பது அது. முன்பெல்லாம் வழக்கமாகப் பேசிக்கொண்டிருந்ததை அது சொல்லும். நாம் என்ன செய்கிறோம்? 'சின்ன வயதில் தினம் ஆற்றங்கரைக்குப் போவோம், மணிக்கணக்காகப் பேசுவோம்' என்கிறோம். கவனித்தீர்களா? 'போவோம்', 'பேசுவோம்' என்று எதிர்காலத்து வினையைப் போட்டுப் பழங்கதை சொல்கிறோம்! நம்முடைய 'பேசுவோம்' என்பதிலும் வகரம். அவர்களுடைய 'பர்லாவோ'விலும் வகரம். உறவு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் மனப்பாடம் செய்ய நல்ல கொக்கி அல்லவா? ஆரணியாற்றைப் பற்றிப் பேத்திக்குக் கதை சொல்ல இந்தக் காலம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

மனம் மாறினால் சொல்லும் மாறும்

இதுவரை சுலபம். இனிமேல்தான் கொஞ்சம் பல்லைக் கடிக்க வேண்டும். பேசுகிறவருடைய மனப்பாங்கைப் பொறுத்து இத்தாலிய வினை உருமாறுகிறது. இப்படி 7 பாங்குகள். அவற்றுக்குள் எல்லாமாக 21 வரிசைகள். பயப்படாதீர்கள். வீட்டுப் பேச்சுக்கு ஆறேழு வரிசை தெரிந்தால் காலம் தள்ளலாம்.

கட்டளைப் பாங்கு பேத்தி சொன்னதுதான்: 'பர்லா!' 'பேசாதே' என்பதற்கு 'நொன் பர்லாரே'. 'பேசலாம், வா' என்பதற்குப் பழைய 'பர்லியாமோ'வே போதும்.

ஐயமும் ஆசையும் கலந்தால் வேறு பாங்கு. 'அவள் பேசுகிறாள்' என்று நிச்சயமாகச் சொன்னால் 'பர்லா'. 'அவள் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்' என்றால் 'பர்லா' 'பர்லி' ஆகிவிடும். நாம் வினையைத் தொடுவதில்லை. 'என்று' என்ற ஒரு சொல்லைப் போட்டுக் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். நம்முடைய 'என்று' செய்யும் வேலையை அவர்களுடைய வினையே ஏற்றுக்கொள்கிறது.

நடக்குமோ நடக்காதோ என்பதற்கு இன்னும் இரண்டு வடிவங்கள். 'ஸே பர்லாஸ்ஸி, அஸ்கொல்தெரேய்': நீ பேசினால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். 'பேசினால்' என்பது 'பர்லாஸ்ஸி'. 'கேட்பேன்' என்பது 'அஸ்கொல்தெரேய்'. இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் இத்தாலியர்களே சபாஷ் போடுவார்கள்.

எதிர்த்திசையில் வந்தவர்

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று தோன்றினால், எதிர்த்திசையில் வந்த ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். 1680-ஆம் வருஷம் வட இத்தாலியில் காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்தவர் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி. 'பர்லோ, பர்லி, பர்லா' என்று மழலை பேசி வளர்ந்த நாவினால் தமிழைக் கற்றார். நமக்கு அவர் வீரமாமுனிவர்.

அவருக்கு இருந்த கஷ்டத்தைப் பாருங்கள். ஓடு என்றால் 'ஓடினேன்'. எடு என்றால் 'எடுத்தேன்'. நடு என்றால் 'நட்டேன்'. மூன்றும் 'டு' என்றுதான் முடிகின்றன; மூன்றும் மூன்று வழி போகின்றன! நாம் தாய்மடியில் இதைக் கற்றதால் நமக்குத் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழக வேண்டியிருந்தது. பழகி, 1732-இல் 'சதுரகராதி' தந்தார். 'தேம்பாவணி' பாடினார். பரமார்த்த குருவையும் சீடர்களையும் படைத்து நம்மைச் சிரிக்க வைத்தார். சாதாரண ஜனங்கள் வீட்டிலும் கடைவீதியிலும் பேசும் தமிழுக்கென்றே லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று.

அந்த இத்தாலியருக்கு நம் பாஷை வந்தது. நமக்கு அவர் பாஷை வராதா? அதுவும் பொன்னேரிக்காரர்களுக்கு இலக்கணம் அந்நியமா? ஊர்க்கோயில் சுவாமியின் பெயரே அகத்தீசுவரர். தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் அகத்தியர் என்பதல்லவா நம் ஐதிகம்!

வாரத்துக்கு ஒரு வரிசை

வழி இதுதான். வாரத்துக்கு ஒரே ஒரு வரிசை. ஆறு சொற்களை ஒரு சீட்டில் எழுதிச் சமையலறையில் நாள்காட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள். சாதம் வேகும் நேரத்தில் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லுங்கள். முதலில் நிகழ்காலம், அடுத்து 'ஓ பர்லாத்தோ', பிறகு கதை சொல்ல 'பர்லாவோ', பிறகு கட்டளை. ஐயமும் ஆசையும் கடைசியில் வரட்டும்.

ஒரு வரிசை வந்துவிட்டால், 'பர்ல்' என்பதை எடுத்துவிட்டு வேறு பகுதியை வையுங்கள். 'கந்தாரே' பாடுதல்: கந்தோ, பாடுகிறேன். 'குச்சினாரே' சமைத்தல்: குச்சினோ, சமைக்கிறேன். 'அஸ்கொல்தாரே' கேட்டல்: அஸ்கொல்தோ, கேட்கிறேன். அதே ஆறு வால்தான்.

நம் பொன்னேரிப் பாட்டியும் அப்படியே செய்தாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. திரையில் குழந்தை வழக்கம்போல் "பர்லா, நொன்னா!" என்கிறது. பாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பர்லோ, பர்லோ!" என்கிறாள். குழந்தையின் கையிலிருந்த பொம்மை கீழே விழுகிறது. அன்றைக்கு அது ஓடவில்லை.

உங்களுக்கும் ஒரு பயிற்சி கொடுத்து முடிக்கிறேன். 'அஸ்பெத்தாரே' என்றால் காத்திருத்தல். 'தி' என்றால் உன்னை, உனக்காக. 'உனக்காகக் காத்திருக்கிறேன்' என்பதை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

'தி அஸ்பெத்தோ.'

சரியாகச் சொல்லிவிட்டீர்களா? இன்றிரவே சொல்லிப் பாருங்கள். அந்த வினைச்சொல்லுக்கு அர்த்தம் என்ன என்பதைப் பொன்னேரிப் பாட்டிக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.