ஓடு மாற்றுவதா, கூரை மாற்றுவதா?

அகளியில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், வைகாசி பிறந்துவிட்டால் ஒரு பேச்சு தவறாமல் எழுகின்றது. ஒழுகும் கூரையை இவ்வாண்டும் பழுது பார்த்துக் கழிப்பதா, அன்றி அடியோடு பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதா என்பதே அப்பேச்சு. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "இன்னுமா ஓட்டு வீட்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால், அது கடன் வாங்கும் வரையில் சென்றுவிடுவதும் உண்டு. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இம்முடிவில் அடங்கியிருத்தலால், இதனை ஆற அமர ஆராய்தல் நலம்.

முதற்கண் நம் மழையை நோக்குவோம். அட்டப்பாடியின் மேற்கே முக்காலிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகின்றது. கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க மழை குன்றிவிடுகின்றது. இடையிலுள்ள அகளிக்கு ஆனி ஆடியிலும் மழை உண்டு. ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு. ஆகவே கூரையைப் பிரித்து வேலை செய்ய ஏற்ற காலம் தைக்கும் சித்திரைக்கும் இடைப்பட்டதே. முதல் மழை விழுந்த பின் அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பொருளிழப்பிலேயே முடியும்.

நம் வீடுகள் பலவற்றை மூடியிருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்னும் ஜெர்மானியர் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழில் இது. நன்கு சுட்ட ஓடு தலைமுறை கடந்தும் உழைக்கும். அது கெடுவதற்கு முன்னரே அதைத் தாங்கும் மரம் கெட்டுவிடுதலே வழக்கம். எனவே கூரையின் வயதைக் கேட்டு முடிவு செய்தல் கூடாது. அதைத் தாங்குவது எந்நிலையில் இருக்கின்றது என்பதைக் கண்டே முடிவு செய்தல் வேண்டும்.

அதனைக் காண்பதற்குப் பெரிய வித்தை வேண்டுவதில்லை. கைமரங்கள் சுவரில் அமரும் இடத்தையும், முகட்டு உத்தரத்தையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, அன்றிக் கரையான் தின்றுவிட்டது. எட்ட நின்று முகட்டைப் பாருங்கள். வரிசை நேராக இருந்தால் மரம் பெரும்பாலும் நலம். ஓட்டை விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மரம் நலமாயின், உடைந்த ஓடுகளையும் ரீப்பரையும் மாற்றினால் போதும். மரம் முழுதும் கெட்டிருந்தாலோ, அதை மட்டும் மாற்றி, அன்றி இரும்புக் குழாயால் சட்டம் அமைத்து, பழைய ஓட்டையே மீண்டும் வேயலாம்.

கான்கிரீட் தளத்தை விரும்பும் அன்பர்கள் ஒரு கணக்கைச் சிந்தித்தல் வேண்டும். நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடுகள் செல்லும். அவற்றின் எடை 400 கிலோவுக்குள் அடங்கும். அதே பரப்பில் நான்கு அங்குலக் கனத்தில் வார்க்கும் தளமோ 2,300 கிலோவுக்கு மேற்படும். ஓட்டுக்கென்று எழுப்பிய மண் சுவரின் தலையில் இச்சுமையை ஏற்றுதல் பெரும் ஆபத்து. சுவரையும் அடித்தளத்தையும் சேர்த்துக் கட்டுவதாயின், அது கூரை மாற்றுவதன்று; புது வீடு கட்டுவதாகும். அதற்குரிய செலவையே முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். அங்ஙனம் கட்டுவோருக்கும் பழைய ஓடு பயன்படும். தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டையும் செலவையும் குறைக்கும் முறையைக் கேரளத்தில் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007). இம்முறையை அறிந்த பொறியாளரைக் கொண்டே இதனைச் செய்வித்தல் வேண்டும்.

பழுது பார்த்தல் எங்கும் பொருந்தும் என்று நாம் கூறவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் நாள் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் பரவிய தீ 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அதன் பின்னர்ப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு தமிழக அரசு ஆணையிட்டது. குழந்தைகள் கூடும் இடத்திலும், அடுப்பெரியும் இடத்திலும் கீற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் தகாது; மாற்றுதலே கடமை.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு மற்றொன்று. அதன் நுண்ணிய நார் மூச்சுடன் நுரையீரலிற் புகுந்தால் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. கேரளப் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் படிப்படியாக மாற்றி ஓடு வேயுமாறு மாநில மனித உரிமை ஆணையம் 2009-இல் உத்தரவிட்டது. உடையாத தகட்டை அறுக்காமலும், துளையிடாமலும், பாசி போகத் தேய்க்காமலும் விட்டு வைத்து, பொருள் சேர்ந்ததும் மாற்றுங்கள். கழற்றும்போது நீர் தெளித்து முழுத் தகடாகவே இறக்க வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

கான்கிரீட் தளமும் சாகாவரம் பெற்றதன்று. நீர் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். அப்போது காரை பெயர்ந்து விழும். கம்பி வெளித்தெரிந்த இடத்தை வெறுஞ் சிமெண்டால் பூசி மறைத்தல், நோயை மறைத்து வைப்பதை ஒக்கும். துருவை நீக்கிச் சீர்செய்ய இயலுமா என்பதைப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டல் வேண்டும்.

இத்தை மாதத்தில் ஒரு தச்சரையும் ஒரு கொத்தனாரையும் அழைத்துக் கூரையைக் காட்டுங்கள். செலவுக் கணக்கு இரண்டையும் எழுதி வாங்கி, வீட்டுப் பெரியோரும் மகளிரும் கூடியிருந்து முடிவு செய்யுங்கள். ஊரார் மெச்சும் கூரையைவிட, கடனின்றி நனையாமல் உறங்க வைக்கும் கூரையே நமக்கு வேண்டுவது.