ஒரு முழத் தூரத்தில் நிற்பீர்களா?

மாப்பிள்ளை கட்டாரில். பெண்ணுக்குக் கொடுக்கும் வீடு சாய்ந்தமருதில். ஹோலுக்கு மாபிள் பதித்து முடிந்த அன்று பெண்ணின் தம்பி போனை எடுத்து, கமராவில் 0.5ஐத் தட்டி, மூலைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டான். படத்தில் இருந்தது கலியாண மண்டபம் மாதிரி ஒரு ஹோல். லீவில் வந்த மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி: "மாமா, மற்ற ஹோல் எங்க?"

கலியாணம் நல்லபடியாக நடந்தது. படம் எடுத்த தம்பிதான் இன்னும் அடங்கவில்லை. இப்போது கலியாண வீடுகளுக்குக் கமரா தூக்குகிறான். "காக்கா, 14 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டான். அதே வாரத்தில் பத்திரிகை ஆசிரியரும் "வைட் லென்ஸ் யாருக்கு, எழுதித் தாருங்கள், ஓடும்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது.

விலையிலிருந்து தொடங்குவோம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது; பிறகு இறங்கியது. லென்ஸ் விலையும் கூடவே இறங்கியதாக எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசைக்கு வாங்கிப் பார்க்கிற சாமான் இல்லை இது. முதலில் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். எத்தனை மில்லிமீற்றரில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் பதிந்திருக்கும். தம்பியின் படங்களை இருவருமாகப் புரட்டினோம். அவனே நல்லது என்று ஒதுக்கி வைத்தவை எல்லாம் 40க்கும் 55க்கும் இடையில். மருதமுனையில் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றும் ஒரு பெரியம்மாவின் கை, விரலிடுக்கில் சிவப்பு நூல், நகத்தில் பழைய மருதாணி. அதை எடுத்தவனுக்கு 14 எதற்கு?

"எல்லாத்தையும் உள்ளுக்கு எடுக்கலாமே" என்றான். எல்லோரும் சொல்வது அதுதான். 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறக்குறைய 46 பாகை பார்க்கிறது; 14 பார்ப்பது 114. (இது பெரிய சென்சருக்கு. சின்ன சென்சர் கமராவில் அதே பரப்புக்கு 9, 10 என்று போக வேண்டும்.) கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பூதமாகும், பத்தடி தள்ளி நிற்பது பொம்மையாகும். அதனால் இந்த லென்ஸைத் தெரிந்து பிடிப்பவர் ஆளுக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நிற்பார். பின்னால் போவதற்காக வாங்குகிற லென்ஸ், கையில் வந்ததும் முன்னால் போகச் சொல்கிறது! நம் ஊர்களில் யாருடைய முகத்துக்கு ஒரு முழத்தில் கமராவை நீட்டுவீர்கள்? பெண்கள் பக்கத்தில் நடக்காது. வாடியில் மீன் பிரிக்கிறவர்களிடம் நடக்கும், நாலு நாள் தேத்தண்ணி குடித்துப் பழகிய பிறகு.

கலியாண வீட்டில் இன்னொரு வில்லங்கம். மேடையில் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி 14ஆல் அடக்கிவிடலாம். ஆனால் சட்டத்தின் ஓரத்தில் விழும் தலை, நடுவில் இருக்கும் தலையை விட ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாக இழுபடும். லென்ஸின் பழுதில்லை அது. நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டுவதற்கு அது கொடுக்கும் விலை. வரிசையின் ஓரத்தில் யார் நிற்பார்? எப்போதும் மாமிமார்தான். அல்பத்தைத் திறந்ததும் நடப்பதை நான் எழுதத் தேவையில்லை. 24இல் அதே இழுவை கால் மடங்குதான், ஒரு புன்னகையோடு போய்விடும்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு இந்த லென்ஸ் இல்லாமல் முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். ஜனத்துக்குள் நெரிபட்டு நிற்கும்போது பின்வாங்க இடமில்லை, உண்மை. சின்ன அறை, நட்சத்திர இரவு இவற்றுக்கும் உதவும். மறுக்கவில்லை. மினாராவை எடுக்கக் கமராவை அண்ணாத்தினால் அது பின்னால் சாய்ந்து விழப்போவது போல வரும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருக்கும் வகையில் வடிகட்டி திருக வழியில்லை. உப்புக் காற்று நேரே கண்ணாடியில்தான் படியும். சாரன் முனையால் துடைத்தால் மணலும் சேர்ந்து கீறும்.

எனக்கு உறுத்துவது மாமியின் கன்னமோ மினாராவோ இல்லை, மணல்.

ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில் கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.  வேரோடு சாய்ந்த தென்னைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய 14ஐயும் என்னுடைய பழைய 50ஐயும் கொண்டு போனேன். நான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் 15 மீற்றர். கமரா நெஞ்சு உயரத்தில், ஒன்றரை மீற்றரில், நேர்மட்டமாக. கணக்கு எளிது: அடிவானத்துக்குக் கீழே உள்ள பாதியில் 14 மி.மீ. படம் நூற்றுக்கு 88 பங்கை மணலுக்குக் கொடுக்கிறது, கடலுக்கு 12. அதே இடத்தில் 50 மணலுக்குக் கொடுப்பது 58, கடலுக்கு 42. ஒரே கரை, ஒரே நிமிடம். ஒரு படத்தில் பாலைவனம், மற்றதில் வாசலுக்கு வந்துவிட்ட கடல்.

இரண்டுமே பொய்யில்லை என்று வாதிடலாம். கூடத் தெரிவது கூட உண்மை ஆகுமா? இன்று கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள் கரையை 0.5இல் எடுக்கிறார்கள். 2019இல் ஐபோன் 11ஓடு பரவத் தொடங்கிய பழக்கம், இப்போது மலிவான போனிலும் இருக்கிறது. அகலமாகத் தெரிகிறது, அழகாக இருக்கிறது, போட்டுவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து "எங்கே இருந்தது கரை?" என்று ஒருவன் தேடினால், இல்லாத மணலை இருந்ததாகக் காட்டும் படங்கள்தான் அவனுக்குக் கிடைக்கும்.

நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள். நாட்டில் அதிக உயிர் போன மாவட்டம் இதுதான். அதற்குப் பிறகு கரையிலிருந்து எத்தனை மீற்றர் என்பதே வீட்டின் தலையெழுத்து ஆனது. மருதமுனையில் '65 மீற்றர்' என்று சொன்னால் குழந்தைக்கும் அது எந்த வீட்டுத்திட்டம் என்று தெரியும். 14 மி.மீ. லென்ஸில் 65 மீற்றரில் நிற்கும் ஓர் ஆள், அரை அடி நீளப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் சொச்சம். கடுகு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள், படத்தில் போய்விடுகிறது.

மறு வாரம் 14இல் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கரைவலை இழுத்து ஓய்ந்த ஒரு அப்பா வாடியின் நிழலில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். படத்தைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மறுபக்கம் திருப்பியும் பார்த்தார்.

"இது எந்த ஊர்க் கடக்கரை மகன்?"

"இதுதான் அப்பா. நீங்க இரிக்கிற இடத்துக்கு முன்னுக்கு."

அவர் எழும்பினார். சாய்ந்து கிடந்த தென்னங்குற்றியில் ஒரு கையை ஊன்றிவிட்டு, தண்ணீரை நோக்கி எண்ணிக்கொண்டே நடந்தார். பத்தொன்பதாவது காலடியில் சாரனின் கீழ்க்கரை நனைந்தது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்து, படத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுல காட்டின மிச்ச மணலை எங்க வச்சிரிக்காய்?"