சாரல் காலத்தில் சிக்கும் காகிதம்

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம். கடையநல்லூர் ஜெராக்ஸ் கடைகளுக்கோ திண்டாட்டம். பட்டா நகலுக்கும் விசா தாளுக்கும் ஆள் காத்திருக்கும்போதுதான் லேசர் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். பழி உடனே தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் ரோலர் மேல் விழும். சாரல் காலத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது காகிதத்தை.

கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்ததோ, வேறெங்கோ மரக்கூழில் செய்ததோ, எல்லாக் காகிதமும் செல்லுலோஸ் நார்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நார் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, குறுக்கே பருக்கும். பிரித்துவைத்த கட்டில் விளிம்புகள் முதலில் ஈரமாவதால் ஓரம் அலை அலையாக நெளிகிறது. அந்தத் தாள் டோனர் தூளை உருக்கி ஒட்டும் ஃபியூசருக்குள் போகிறது. அங்கே ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூடு. ஈரம் சட்டென்று ஆவியாக, தாள் சுருண்டு வாசலில் முட்டுகிறது. மழைநாளில் வெளியே வரும் தாளோடு லேசாக ஆவி பறந்தால் மெஷின் புகைகிறது என்று பதற வேண்டாம். அது காகிதத்தின் ஈரம்.

ரோலரை அடியோடு விட்டுவிடவும் முடியாது. தாளுக்கும் ரப்பர் ரோலருக்கும் உள்ள உராய்வுதான் எல்லாவற்றிலும் அதிகமாக இருக்க வேண்டும். தாளுக்கும், தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்கக் கீழே வைத்திருக்கும் பேடுக்கும் உள்ளது அதற்கு அடுத்தது. தாளுக்கும் தாளுக்கும் உள்ளது மிகக் குறைவு. இந்த வரிசை குலைந்தால் தொல்லைதான். ரோலர் வழவழத்துப்போனால் தாளே ஏறாது. பேட் தேய்ந்தால் இரண்டு மூன்றாக ஏறும். ரோலரில் படிந்த காகிதத் தூசியை ஈரத்துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

ரோலர் ஏற்றிவிட்ட தாள் ஒழுங்காகப் போகிறதா என்றும் மெஷின் பார்க்க வேண்டும். 1977இல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 9700 லேசர் பிரிண்டர் நொடிக்கு இரண்டு பக்கம் அச்சிட்டது. அந்த வேகத்தில் ஓடும் தாளுக்குக் கண்காணிப்பு வேண்டாமா? இன்றைய சிறு பிரிண்டர்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல். தாள் வந்து அதைத் தள்ள வேண்டும். குறித்த நேரத்தில் தள்ளாவிட்டால் 'ஜாம்' என்று விளக்கு எரியும். தாளே இல்லாமல் விளக்கு எரிந்தால் நெம்புகோல் உடைந்திருக்கும், அல்லது கிழிந்த துண்டு ஒன்று அதில் மாட்டியிருக்கும். அவசரத்தில் வெடுக்கென்று இழுப்பவர்கள் விட்டுவைக்கும் துண்டு அது. சுவிட்சை அணைத்து, சூடு ஆறவிட்டு, கேட்ரிட்ஜை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும்.

கட்டின் மேலுறை ஈரம் புகாமல் தடுக்கத்தான் இருக்கிறது. பிரித்ததும் குப்பையில் போடாதீர்கள். கடை அடைக்கும்போது ட்ரேயில் மிச்சமுள்ள தாளை அதற்குள் திரும்ப வையுங்கள். ரோலரை மாற்றக் காசு எடுக்கும் முன், அப்போதுதான் பிரித்த கட்டிலிருந்து பத்துத் தாளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.