நீரும் வெப்பமும்: தாழ்வெப்பநிலை வலையமைப்புகளின் பொருளியல் – காட்டுமன்னார்கோயிலை முன்வைத்து

காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள வீராணம் ஏரியின் நீர், 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்வழியே சென்னையை அடைகிறது. ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்வேலி அனல்மின் நிலையங்களிலோ எரிபொருள் ஆற்றலின் பெரும்பகுதி பயனற்ற வெப்பமாகவே வெளியேறுகிறது. நீரைப் போல அவ்வெப்பத்தையும் குழாய்வழிக் கொணர்ந்து இங்கு நெல் புழுக்க இயலுமா என்னும் வினா எழுவது இயல்பே. இதற்கான விடை பொருளியலில் உள்ளது.

ஓரிடத்தில் சூடாக்கிய நீரைக் குழாய்வழியே பல பயனர்க்கு அனுப்புவது வட்டார வெப்ப வலையமைப்பு. டென்மார்க், சுவீடன் நாடுகளில் இது வீடுகளைச் சூடாக்கப் பரவலாகப் பயன்படுகிறது. அனுப்பும் நீரின் வெப்பநிலையை 50–60 பாகை செல்சியஸாகக் குறைத்தால் வழியில் ஏற்படும் இழப்பு குறையும். கழிவு வெப்பமும் பயன்படும். எனினும், செல்லும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு சுருங்கினால், அதே வெப்பத்தைச் சுமக்க மிகுதியான நீர் பாய வேண்டும். குழாயின் விட்டமும் செலவும் பெருகும். குழாயின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு வெப்பம் விற்பனையாகிறது என்பதே முதலீடு மீளுமா என்பதை முடிவுசெய்கிறது.

நெய்வேலி வெப்பத்திற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது வெப்பநிலை. மின்நிலையத்தில் நீராவியைக் குளிர்வித்து வெளிவரும் நீர் ஏறத்தாழ 40 பாகையில் இருக்கும்; நெல்லை வெந்நீரில் ஊறவைக்க 70 பாகை அளவு வேண்டும். அதற்குச் சுழலியிலிருந்து நீராவியை முன்னதாகவே எடுத்தால் மின்னுற்பத்தி குறையும்.

இரண்டாவது தடை உமி. ஒரு டன் நெல்லிலிருந்து ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கிறது. கிலோவுக்கு 13 மெகாஜூல் எனக் கொண்டால் மொத்தம் 2,600 மெகாஜூல். ஒரு டன் நீரை 30 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 167 மெகாஜூல் போதும். கொதிகலன் இழப்பையும், ஆவியில் அவித்தல், உலர்த்தல் ஆகியவற்றின் தேவையையும் சேர்த்தாலும், நெல் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே ஆலைக்குக் கொண்டுவருகிறது எனலாம். ஆகவே, குழாய்வழி வெப்பம் போட்டியிட வேண்டியது எண்ணெயின் விலையோடன்று, உமியின் விற்பனை விலையோடு.

வலையமைப்புகளுக்கு இந்நாட்டில் இடமே இல்லை என்பது இதன் பொருளன்று. குஜராத்தின் கிஃப்ட் நகரில், நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்கு ஒரு மையத்திலிருந்து குளிர்நீர் செல்கிறது. அடுத்தடுத்து அமைந்த அரிசி ஆலைகள் ஓர் உமிக் கொதிகலனைப் பகிர்ந்துகொள்வதும் கணக்கிட்டுப் பார்க்கத்தக்கதே. வீராணத்து நீர் எத்தனை தொலைவு சென்றாலும் நீராகவே சேர்கிறது. வெப்பமோ வழியெல்லாம் குறைகிறது. எனவே திட்டமிடல், வீணாகும் வெப்பத்திலிருந்து அன்று, தேவையின் செறிவிலிருந்தே தொடங்க வேண்டும்.