மண்டைக்குள்ளே பாகு காய்ச்சுகிறார்கள்!

மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருக்கும் ஆச்சியின் மடியில் ஒரு கைக்குழந்தை. இன்னும் சரியாக உட்காரக்கூட வரவில்லை, அதற்குள் ஆச்சி கையிலிருக்கும் கடலைமிட்டாய் மேல் கண்! அந்தக் குட்டி மண்டைக்குள் இந்த நிமிஷம் நடக்கும் கூத்தை எட்டிப் பார்ப்போமா? சத்தம் போடாமல் வாங்க, அங்கே நரம்பிழைகளுக்கு உறை சுற்றும் வேலை நடக்கிறது.

நரம்பிழை மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருந்தால்தான் செய்தி பறக்கும். உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஓரிரு மீட்டர்; நன்றாக உறையிட்ட தடித்த இழையில் 100 மீட்டரையும் தாண்டும். மூளையில் இந்த உறையைச் சுற்றுபவை ஒலிகோடெண்ட்ரோசைட் செல்கள். வாயில் நுழையவில்லையா? ஒலிகோ என்றே கூப்பிடுவோம்.

பிறந்ததுமே வேலைக்குப் போகிற ஜாதியில்லை ஒலிகோ. இளசாக இருக்கையில் மூளைக்குள் ஊர் சுற்றும், பெருகும். ஒலிக்2, சாக்ஸ்10 புரதங்கள் அதை முதிரச் சொல்லித் தள்ளும், ஜிபிஆர்17 என்ற புரதம் "பொறு, என்ன அவசரம்?" என்று பிடித்து இழுக்கும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் நம்ம ஹீரோ, மிர்ஃப் என்ற புரதம், வருகிறார். 2009-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், பென் பாரஸின் ஆய்வகத்தில் இவர் மகிமை வெளிப்பட்டது. செல்லுக்குள் ஒரு சவ்வில் கட்டுண்டுதான் பிறக்கிறார். மூன்று மிர்ஃப் கூடியதும் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்! அறுந்த துண்டு உட்கருவுக்கு ஓடி, மயலின் ஜீன்களை எழுப்பிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்தது. மயலின் அடுக்குகளை இறுக்கி ஒட்டும் புரதம் எம்பிபி. அதற்கு நேர்மின்னூட்டம், சவ்வின் உட்பக்கத்துக்கு எதிர்மின்னூட்டம். பார்த்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கோவில்பட்டி மிட்டாய்க்காரர் வெல்லப்பாகைக் கடலையோடு கிளறியதும் சட்டென்று பலகையில் கொட்டிப் பரப்புவார். தாமதித்தால் சட்டியிலேயே இறுகிவிடும். ஒலிகோவுக்கும் அதே கவலை. அதனால் எம்பிபியைச் செல்லின் நடுவில் செய்வதே இல்லை. அதன் செய்முறைக் குறிப்பான ஆர்என்ஏவை மட்டும் கப்சிப்பென்று கிளை நுனிவரை அனுப்பி, உறை சுற்றுகிற இடத்திலேயே புரதத்தைச் செய்துகொள்கிறது. என்ன சாமர்த்தியம்!

எம்பிபி ஜீன் பழுதான 'ஷிவரர்' சுண்டெலிகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழுதில்லாத எம்பிபி ஜீனைச் சேர்த்துப் பிறக்கவைத்த குட்டிகளுக்கு நடுக்கம் போய்விட்டதை 1987-இல் காட்டினார்கள்.

மயலின் வேலை பெரும்பாலும் பிறந்த பிறகுதான். அதற்கு முந்தைய மூளையைப் பார்க்க ஆசையா? சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி'யை வெளியிட்டது: கருவிலிருக்கும் மூளையின் 5,132 வெட்டுப் படங்கள், செல் செல்லாகத் தெரியுமளவு. இணையத்தில் இலவசம். ராத்திரி பத்து மணிக்குத் திறக்காதீர்கள், தூக்கம் போய்விடும்.