சூடேறும் இயந்திரமும் காரணம் தேடும் ஒழுங்கும்

கடலில் படகின் இயந்திரம் சூடேறியதும் 'எதை மாற்றலாம்?' என்றே பலரும் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது வேறு: வெப்பம் வெளியேறும் பாதை எங்கே அடைபட்டிருக்கிறது?

டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உந்துவிசையாகிறது. மீதியிற் பெரும்பகுதியைப் புகையும் குளிரூட்டும் நீரும் வெளியே கொண்டுசெல்கின்றன. வீதி வாகனத்துக்கு எதிர்க்காற்று உண்டு. பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் உள்ளிணைப்பு இயந்திரத்துக்குக் கடல்நீரே கதி.

இதில் இருவகை உண்டு. ஒன்றில் கடல்நீரே இயந்திரத்தினுள் ஓடுகிறது. சூடு கூடினால் உப்பும் சுண்ணமும் படியுமென்பதால் இதனை 60 பாகை செல்சியஸ் அளவிலேயே வைத்திருப்பார்கள். மற்றதில் நன்னீர் உள்ளே சுழன்று, வெப்பமாற்றியில் தன் சூட்டைக் கடல்நீரிடம் கொடுக்கிறது. இது 80 பாகையளவில் ஓடும். பெரும்பாலான சிறுபடகுகளில் அக்கடல்நீர் கடைசியில் புகையோடு கலந்து வெளியேறுகிறது.

எனவே முதலிற் பார்க்கவேண்டியது புகைக்குழாயின் வாயை. நீர் வரவில்லையா? உடனே இயந்திரத்தை நிறுத்தவேண்டும். நீரில்லாப் புகை றப்பர்க் குழாயை எரித்துவிடும். பிறகு தீயும் படகினுள் புகும் கடலும்தான். நிறுத்தியபின் கடல் பக்கமிருந்து உள்நோக்கித் தேடுவோம்: அடிவால்வு திறந்திருக்கிறதா, பொலித்தீனோ பாசியோ அடைத்திருக்கிறதா, வடிகட்டி துப்புரவாக உள்ளதா, பம்பின் றப்பர் இம்பெலர் முழுதாக உள்ளதா? இதழ்கள் உடைந்திருந்தால் எண்ணிப் பார்க்கவேண்டும். குறையும் துண்டுகள் முன்னே சென்று வெப்பமாற்றியில் சிக்கியிருக்கும். அவற்றை எடுக்காமல் புதிய இம்பெலர் பூட்டினால் பழைய நோய் திரும்பிவரும்.

நீர் தாராளமாக வந்தும் சூடேறுகிறதென்றால் நன்னீரின் அளவு, பெல்ற்றின் இறுக்கம், தேர்மோஸ்ராற், வெப்பமாற்றியின் படிவு, கடைசியாக ஹெட் காஸ்கெற் என்று போகலாம். வேகம் கூட்டும்போது மட்டும் சூடேறினால் பாதி அடைபட்ட குழாயையோ துருப்பிடித்த புகைமுழங்கையையோ சந்தேகிக்கலாம். பாசி பிடித்த அடிப்பாகம் இயந்திரத்தின் சுமையைக் கூட்டுவதும் உண்டு.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றி வீசுவது பரவலான 'வைத்தியம்'. அது பழுதா என்பதை ஒரு சட்டி நீரில் சூடாக்கிப் பார்த்தாலே தெரியும்: அதில் பொறித்த வெப்பநிலையில் திறக்கவேண்டும். கழற்றிவிட்டால் இயந்திரம் குளிர்ந்தோடிக் கரி கட்டும். சில இயந்திரங்களில் நீர் குறுக்குவழியில் ஓடிச் சூடு இன்னும் ஏறும். உண்மையான பழுது மறைந்தே கிடக்கும். கொதிக்கும்போது மூடியைத் திறப்பதும், குளிர்நீரை ஊற்றி ஹெட்டை வெடிக்கவைப்பதும் இதைவிட மோசம்.

இவ்வறிவு எமக்குப் புதிதல்ல. காரைநகரில் நோர்வேயின் உதவியோடு சீநோர் படகுத்தளம் இயங்கிய கரையோரத்தில் இது கைகளிலும் காதுகளிலும் இருந்தது. எழுத்தில் ஏறவில்லை. கடற்றொழிலைச் சாதியின் பெயரால் தாழ்த்திய சமூகம் அத்தொழிலின் அறிவையும் அறிவாகக் கணக்கெடுக்கவில்லை. கவிதைக்கும் கோட்பாட்டுக்கும் பக்கங்கள் ஒதுக்கிய எமது சஞ்சிகைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. எழுதாத அறிவு அதை வைத்திருப்பவரோடு போய்விடுகிறது. இடம்பெயர்ந்த சமூகத்தில் இன்னும் விரைவாகவே போய்விடுகிறது.