ஒன்று என்பது எவ்வளவு? சீ மொழியின் சுட்டிக் கணிதம் பற்றிய ஒரு விளக்கம்

கணினி மொழிகள் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட தூய தருக்க அமைப்புகள் என்ற எண்ணம் பரவலாக நிலவுகின்றது. ஆயின், மனித மொழிகளின் இலக்கணத்தைப் போலவே அவற்றின் விதிகளும் குறிப்பிட்ட புறநிலைமைகளின் விளைபொருள்களேயாம். சீ மொழியின் சுட்டிக் கணிதம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. அதனை விளங்கிக்கொள்வதற்கு நினைவகத்தின் ஒழுங்கமைப்பை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

நினைவகம் என்பது தொடராக இலக்கமிடப்பட்ட சிற்றறைகளின் நீண்ட வரிசையாகும். ஓர் அறை ஒரு பைற்று; அதன் இலக்கமே அதன் முகவரி. இத்தகைய முகவரியொன்றைத் தன் மதிப்பாகக் கொண்ட மாறியே சுட்டி எனப்படும். முழுவெண்ணொன்று நான்கு பைற்றுகளை எடுத்துக்கொள்ளும் கணினியொன்றிலே, ஐந்து முழுவெண்களைக் கொண்ட அணி 1000 என்னும் முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். அதன் உறுப்புகள் 1000, 1004, 1008, 1012, 1016 ஆகிய முகவரிகளில் இடைவெளியின்றி அமையும். முதலுறுப்பைக் காட்டும் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் 1001 கிடைப்பதில்லை; 1004 கிடைக்கின்றது. 1016 ஐக் காட்டும் சுட்டியிலிருந்து 1000 ஐக் காட்டும் சுட்டியைக் கழித்தால் விடை 4 ஆகும். அதாவது, இங்கு எண்ணப்படுவன உறுப்புகளே. அணியின் உறுப்பெண் பூச்சியத்தில் தொடங்குவதும் இதனாலேயே: முதலுறுப்பு தொடக்கத்திலிருந்து பூச்சியத் தொலைவில் உள்ளது.

இவ்விதி தோன்றிய வரலாறு கவனிக்கத்தக்கது. 1960 களின் நடுப்பகுதியில் மார்ட்டின் றிச்சாட்ஸ் வகுத்த பி.சி.பி.எல். மொழியிலும், அதனைத் தழுவிக் கென் தொம்சன் ஆக்கிய பீ மொழியிலும் தரவு வகைகள் இருக்கவில்லை. இயந்திரத்தின் ‘சொல்’ எனப்படும் ஒரே அளவான அறையே அனைத்துக்கும் அலகாயிற்று. ஒன்றைக் கூட்டினால் அடுத்த சொல், சிக்கல் எதுவுமில்லை. 1970 இல் பெல் ஆய்வுகூடத்துக்கு வந்த பி.டி.பி-11 கணினியோ ஒவ்வொரு பைற்றுக்கும் தனி முகவரி கொண்டிருந்தது. அதன் சொல் இரு பைற்றுகளாலானது. பழைய முறைப்படி சொற்களை எண்ணிய சுட்டியை, பயன்படுத்தும்தோறும் பைற்று முகவரியாக மாற்றவேண்டியதாயிற்று. டெனிஸ் றிச்சி 1971 முதல் பீ மொழிக்கு வகைகளைச் சேர்த்து அதனைச் சீ மொழியாக வளர்த்தமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். சுட்டி எதனைக் காட்டுகின்றது என்பது தெரிந்தாலன்றி ‘ஒன்று’ எவ்வளவு என்பதை நிர்ணயிக்க இயலாது. பொறியின் பௌதிக மாற்றமே மொழியின் இலக்கணத்தில் வகையாக வெளிப்பட்டது எனலாம்.

எனினும், ஓரடியின் நீளத்தை அறிந்த சுட்டி எத்தனை அடி செல்லலாம் என்பதை அறியாது. அணியின் எல்லையைச் சுட்டியோடு சுமந்து, ஒவ்வோரடியிலும் சோதிப்பதாயின் மேலதிக நினைவகமும் நேரமும் வேண்டும். 24 கிலோபைற்று நினைவகமே கொண்டிருந்த அந்தப் பொறியில் அது சிறு செலவன்று. பற்றாக்குறையின் காலத்து இவ்வழக்கம் பற்றாக்குறை நீங்கிய பின்னரும் நிலைத்தது. 1988 நவம்பர் 2 இல் இணைய வலையமைப்பில் பரவிய ‘மொறிஸ் புழு’ பயன்படுத்திய வழிகளுள் ஒன்று இதுவே. ஃபிங்கர் என்னும் சேவை நிரலில், வந்த வரியை அளவு பாராது ஏற்கும் ‘கெட்ஸ்’ என்ற சார்பு, 512 பைற்று அணியொன்றை நிரப்பியது. எல்லை கடந்த தரவு, சார்பு முடிந்ததும் திரும்பவேண்டிய முகவரியை அழித்தெழுதி, கட்டுப்பாட்டை அந்நியக் கட்டளைகளிடம் ஒப்படைத்தது. அச்சார்பு மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011 இலேயே.

தமிழருக்கு இதில் நேரடியான தொடர்பொன்றுண்டு. சீ மொழியில் வரியுரு வகையின் அளவு, வரைவிலக்கணப்படி, ஒரு பைற்று. ஆங்கில எழுத்துக்கு அது போதுமானது. அங்கே ஒன்றைக் கூட்டினால் அடுத்த எழுத்து வரும். அதே தொம்சன் 1992 இல் றொப் பைக்குடன் சேர்ந்து வகுத்த யூ.டி.எஃப்-8 முறையிலே தமிழ்க் குறியொவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் காண்பன மூன்று எழுத்துகள். மகரத்தோடு சேரும் இகரக் குறியும் ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின் குறிகள் ஐந்து, பைற்றுகள் பதினைந்து. வரியுருச் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் தகரத்தின் நடுவிலேயே நிற்போம். அவ்விடத்தில் சொல்லை வெட்டும் நிரல் எழுத்தையே சிதைத்துவிடும்.

ஆகவே, தமிழுக்கு நிரல் எழுதுவோர் எதனை ஓர் அலகாகக் கொள்கின்றனர் என்பதை முதலில் தீர்மானித்தல் அவசியம். மொழி தரும் ‘ஒன்று’ நடுநிலையான எண்ணன்று. அது ஒரு பொறியின் அறை அளவையும் ஓர் எழுத்து முறையின் வசதியையும் தன்னுள் கொண்டு வந்த அளவையாகும். அதன் தோற்றத்தை அறிந்தவரே அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்க வல்லவராவர்.